கொய்யாவில் மாவுப்பூச்சி: எறும்பை நிறுத்திய பிறகே வேலை செய்த பொறிவண்டு

தாராபுரம் பகுதித் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தோட்டமும் சுற்றுப்புறமும்

தாராபுரத்துக்கும் மூலனூருக்கும் இடையில் உள்ள ஒரு கொய்யாத் தோட்டத்தில் 2022 தை மாதம் தொடங்கி அடுத்த பொங்கல் வரை நடந்தவை இங்கே பதிவாகின்றன. தோட்டக்காரர் கேட்டுக்கொண்டபடி பெயரும் ஊரும் சொல்லப்படவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து பார்க்கும் பண்ணையம். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார். நிரந்தரமாக வேலைக்கு வருபவர் ஒரு அம்மா மட்டும்தான்.

இரண்டு ஏக்கர். லக்னோ 49 ரகம், 12க்கு 12 அடி இடைவெளி, சுமார் 600 மரங்கள், நான்கு வயது. சொட்டுநீர்ப் பாசனம். வடக்கே கிளுவை வேலி, அதைத் தாண்டினால் வெள்வேல மரங்களும் கொழுக்கட்டைப் புல்லுமாக ஒரு கொரங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம். மேற்கே பக்கத்துக்காரரின் செடிமுருங்கை. கிழக்கே ஜல்லி லாரிகள் ஓடும் மண்ரோடு. தெற்கே வீடு, கட்டுத்தறி, வாசலில் ஒரு செம்பருத்தி. இந்த நான்கு பக்கமும் பின்னால் ஒவ்வொன்றாகக் கதைக்குள் வரும்.

பிரச்சினை மாவுப்பூச்சி. மூன்றாவது வருடத்திலிருந்தே ஒவ்வொரு கோடையிலும் கூடிக்கொண்டே போனது. காய்க்காம்பைச் சுற்றியும், இரண்டு காய்கள் ஒட்டியிருக்கும் சந்திலும், காயின் அடிக்கொண்டையிலும் வெள்ளை வெள்ளையாகப் பிடித்திருக்கும். அது கழிக்கும் இனிப்புத் திரவம் இலை மேல் வடிந்து, அதில் கரும்பூசணம் படர்ந்து, மரமே புகை பிடித்ததுபோல் நிற்கும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு எடுத்துப் போகும் வியாபாரி அப்படிப்பட்ட காயைத் தனியாகக் கொட்டிவிட்டு மிச்சத்துக்குத்தான் விலை பேசுவார்.

தோட்டக்காரர் சும்மா இருக்கவில்லை. மருந்துக்கடையில் சொன்னபடி பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை பவர் ஸ்ப்ரேயர் வைத்து அடித்தார். முதலில் ஒரு மருந்து, அது கேட்கவில்லை என்று இன்னொன்று, கடைசியில் இரண்டு மூன்றைக் கலந்து. அடித்த வாரம் குறைந்ததுபோல் தெரியும், அடுத்த மாதம் முன்னைவிட அதிகமாக வரும். “மருந்து வெலைய எழுதி வெச்சிருந்தா ஒரு கறவை மாடே வாங்கியிருக்கலாமுங்க தம்பி” என்றார் முதல் சந்திப்பிலேயே.

ஏன் அப்படித் திரும்பி வருகிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. வளர்ந்த மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் படலம் இருக்கிறது, மருந்துத் தண்ணீர் ஒட்டாமல் உருண்டுவிடும். முட்டைகள் பஞ்சுப்பொதிக்குள் இருக்கின்றன. பொரித்து வெளியே நடக்கும் இளங்குஞ்சுகள் மட்டும்தான் மருந்துக்கு எளிதாக அகப்படும். அதைத் தின்னும் பொறிவண்டுக்கும், அதன் உடலில் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. இலை மேல் ஓடித் திரிந்து இரை தேடுகிற அவைதான் முதல் அடியிலேயே சாகின்றன. குறிப்பாக செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகளுக்குப் பிறகு மாவுப்பூச்சி முன்னிலும் அதிகமாகத் தலைதூக்குவது பல ஊர்களில் பார்த்த விஷயம்.

தை மாதம்: மருந்தை நிறுத்திவிட்டுப் பார்த்தது

ஆலோசனை சொல்லப் போன நாங்கள் முதல் வேலையாக மருந்தடிப்பதை நிறுத்தச் சொன்னோம். அதற்கே ஒரு வாரம் பேச வேண்டியிருந்தது. அப்புறம் தோட்டத்தின் குறுக்கே இருபது மரங்களைத் தேர்ந்து ரிப்பன் கட்டி, பத்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் நான்கு கிளைகளையும் சில காய்களையும் பார்த்து எழுதி வைத்தோம்.

கண்ணில் பட்டவற்றில் முக்கியமானது எறும்பு. ஏறக்குறைய எல்லா மரத்தின் அடியிலும் கறுப்புச் சிற்றெறும்புச் சாரை மேலும் கீழுமாக ஓடியது. கீழ்க்கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. சொட்டுநீர்க் குழாய் வழியாக ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்கு எறும்பு போய்க்கொண்டிருந்தது. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பைத் தின்பதற்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், கிட்டே வரும் குளவியையும் வண்டுப்புழுவையும் கடித்து விரட்டும். தோட்டக்காரரிடம் ஒரு குச்சியால் மாவுப்பூச்சிக் கூட்டத்தைத் தொடச் சொன்னோம். அரை நிமிடத்தில் குச்சி முழுக்க எறும்பு.

இரண்டாவது, பூச்சி எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. கிழக்கே மண்ரோட்டுப் பக்கத்து வரிசைகளில் மிக மோசம். தை, மாசியில் கீழ்காற்று அடிக்கும்போது லாரிப் புழுதி முழுவதும் அந்த இலைகளில்தான் படிகிறது. புழுதி படிந்த இலையில் ஒட்டுண்ணிக் குளவிகளால் சரியாக இரை தேட முடியாது. வடக்கே கிளுவை வேலியை ஒட்டிய வரிசைகளில் பூச்சி பாதிக்கும் குறைவு. பவர் ஸ்ப்ரேயர் ஓஸ் அந்தக் கடைசி வரைக்கும் எட்டுவதில்லை என்பது விசாரித்தபோது தெரிந்தது!

அந்த வேலியோர மரங்களில்தான் நல்ல பூச்சிகள் கிடைத்தன. இலையடியில் நூல் நுனியில் கடுகு தொங்குவதுபோல் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். மாவுப்பூச்சிப் பொதிக்குள்ளேயே படுத்துக்கொண்டு அதைத் தின்னும் ஸ்பால்ஜிஸ் என்ற சிறு பட்டாம்பூச்சியின் புழுக்கள். அதன் கூட்டுப்புழு தண்டில் ஒட்டியிருந்தது. அரை விரல்நகம் அளவுதான், ஆனால் மேலிருந்து பார்த்தால் கண்ணும் மூக்கும் வாயுமாக அச்சு அசல் குரங்கு முகம். தோட்டக்காரரின் மனைவி அதைப் பார்த்ததிலிருந்து மரம் மரமாக அதைத் தேட ஆரம்பித்துவிட்டார். கண்காணிப்பு வேலைக்கு அதைவிட நல்ல தூண்டுதல் வேறு கிடைத்திருக்காது.

மூன்றாவது, தோட்டத்துக்கு வெளியே இருக்கும் வீடுகள். பூச்சிக்கான வீடுகளைச் சொல்கிறேன். வாசல் செம்பருத்தியின் கொழுந்து முழுவதும் மாவுப்பூச்சி. வரப்பில் பார்த்தீனியம், அதிலும் அதே. கிளுவை வேலிக்குள் நின்ற மூன்று வேப்ப மரங்களில் நுனி காய்ந்து கருகியிருந்தது. அது மாவுப்பூச்சியால் வந்ததல்ல, தேயிலைக் கொசுவால் வந்தது. கொசு என்று பேர் இருந்தாலும் அது நாவாய்ப்பூச்சி இனம். வேம்பு, முருங்கை, கொய்யா, முந்திரி எல்லாவற்றிலும் சாறு உறிஞ்சும். கொய்யாப் பிஞ்சில் குத்திய இடம் பிறகு சொறி சொறியாகத் தடித்துப்போகும். இந்தத் தோட்டத்துக் காய்களில் அந்தச் சொறியும் இருந்தது. அதுவரை அதை ஏதோ நோய் என்று நினைத்துப் பூஞ்சாண மருந்து அடித்திருக்கிறார்கள்.

என்ன செய்வது என்று முடிவெடுத்தது

தோட்டக்காரர் மனதில் ஏற்கெனவே ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. 2008இல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்டு, இரண்டே வருடத்தில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெளுக்க வைத்த பப்பாளி மாவுப்பூச்சி அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த அசிரோபேகஸ் பப்பாயே என்ற கடுகளவுகூட இல்லாத குளவியைத் தமிழ்நாட்டில் விட்டதும் சில மாதங்களில் அது அடங்கியது. “அந்த மாதிரி ஒரு டப்பா வாங்கி விட்டாப் போதுமுங்களே” என்பது அவர் கேள்வி.

அந்த நிகழ்ச்சி வேறு. வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சி, அதன் எதிரி இங்கே இல்லை, எதிரியைக் கொண்டு வந்ததும் கணக்கு நேரானது. அந்தக் குளவி பப்பாளி மாவுப்பூச்சியைத் தேடிப் பிடிப்பது, இந்தக் கொய்யாவில் இருந்ததோ வேறு மாவுப்பூச்சி. இங்கே எதிரிகள் வேலியோரத்திலேயே இருந்தன. மருந்தும் எறும்பும் புழுதியும் அவற்றை உள்ளே விடவில்லை. ஆகவே வெளியிலிருந்து வண்டு வாங்கி விடுவதை மூன்றாவது படியாக வைத்தோம். முதல் படி எறும்பு, இரண்டாவது கவாத்து.

எறும்புக்கு: மரத்தடியில் ஒரு சாண் அகலத்துக்கு பாலித்தீன் தாளைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் கிரீஸ் தடவுவது. கிரீஸை மரப்பட்டையில் நேரடியாகத் தடவக் கூடாது, வெயிலில் அது வெந்துவிடும். தாளின் மேல்விளிம்புக்கும் பட்டைக்கும் இடையில் சந்து இருந்தால் எறும்பு உள்ளே புகுந்து ஏறும், அங்கே களிமண் அப்ப வேண்டும். கூடவே, நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் போகாத அளவில் போரிக் பவுடர் கலந்த சர்க்கரைத் தண்ணீர். அதைப் பஞ்சில் நனைத்து, எறும்பு மட்டும் நுழையும் அளவு ஓட்டை போட்ட மூடி போட்ட பாட்டிலுக்குள் வைத்து, சாரை ஓடும் இடத்தில் சாய்த்து வைத்தோம். பவுடர் அதிகமானால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், புற்றுக்குக் கொண்டு போகாது. தேனீயும் கோழியும் தொடாமல் இருக்கத்தான் மூடி.

ஒரு விதிவிலக்கு. வேலியோரம் இரண்டு மரங்களில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு இருந்தது. அதுவும் மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும். அதே சமயம் தேயிலைக் கொசுவையும் பழ ஈயையும் கிட்டே அண்ட விடாது. சீனாவில் ஆரஞ்சு மரங்களில் இந்தக் கூடுகளைக் கட்டிவிட்டுப் பூச்சியை அடக்கிய பழக்கத்துக்கு 1,700 ஆண்டுப் பழமை உண்டு. அந்த இரண்டு மரத்துக் காய்களில் சொறி மிகக் குறைவாக இருந்ததையும் பார்த்தோம். அவற்றைத் தொடாமல் விட்டுவிடுவது என்று முடிவு. காய் பறிக்கும் அம்மாவுக்கு இதில் சம்மதமே இல்லை.

கவாத்துக்கு: தையில் இருந்த காய்ப்பு முடிந்ததும் மாசியில் எப்படியும் கவாத்து உண்டு. இந்த முறை தரையிலிருந்து இரண்டடி வரை கிளை இல்லாமலும், மரத்துக்கு மரம் கிளை உரசாமலும் வெட்டினோம். இல்லாவிட்டால் கிரீஸ் பட்டை வீண். வெட்டிய கிளைகளில் குரங்கு முகக் கூடோ கண்ணாடி இறக்கைப் பூச்சி முட்டையோ இருந்தால் அதை மட்டும் ஒடித்து, பட்டை கட்டிய மரத்தில் நூலால் கட்டிவிட்டு மீதியை எரித்தோம்.

பொறிவண்டுக்கு: கிரிப்டோலேமஸ். 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த வண்டு. மரத்துக்கு 10 வண்டு என்பது வழக்கமான சிபாரிசு. 600 மரத்துக்கும் வாங்கினால் 6,000. அது தேவையில்லை என்று பட்டது. கணக்கெடுப்பில் மோசமாக இருந்த நூறு மரங்களுக்கு மட்டும் 1,000 வண்டு. இரை குறைவான மரத்தில் விட்டால் அது எப்படியும் பறந்து போய்விடும்.

துணைச் செடிகளுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. தோட்டக்காரரின் மகன் செல்போனில் பார்த்து ஒரு பட்டியலே அனுப்பியிருந்தார்: செண்டுமல்லி, ஆமணக்கு, மக்காச்சோளம், துளசி, பூண்டு, எலுமிச்சைப்புல், தட்டைப்பயறு, கொத்தமல்லி. எல்லாவற்றையும் நட்டால் ஏதாவது ஒன்று வேலை செய்யும் என்ற எண்ணம். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: இது எந்தப் பூச்சியை ஈர்க்கும், எதற்கு உணவாகும், நமக்கு வேண்டிய மாதத்தில் பூக்குமா?

ஆமணக்கு நிலக்கடலையில் இலை தின்னும் புரொடீனியா புழுவைத் தன் பக்கம் இழுக்கும் பொறிப்பயிர், கொய்யாவுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. மக்காச்சோளம் புழுதியைத் தடுக்கும், ஆனால் 2018இல் படைப்புழு வந்த பிறகு மருந்தில்லாமல் அதை வளர்ப்பது கஷ்டம், அந்த மருந்து கொய்யாவில்தான் வந்து விழும். வேரில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழுவைக் குறைக்கச் செண்டுமல்லி உதவும் என்பது உண்மை. பழனியை அடுத்த ஆயக்குடிப் பக்கம் கொய்யாவில் நூற்புழு பெரிய பிரச்சினை என்பதால் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். ஓரத்தில் நாலு செடி வைத்தால் நூற்புழுவுக்கு ஒன்றும் ஆகாது, அடர்த்தியாக வளர்த்து மண்ணோடு மடக்க வேண்டும். இந்தத் தோட்டத்தில் வேரைத் தோண்டிப் பார்த்ததில் முடிச்சு இல்லை. அடுக்கு அடுக்காக இதழ் உள்ள ஒட்டு ரகச் செண்டுமல்லிப் பூவில் குளவியின் குட்டி வாய் தேன் வரை எட்டவும் எட்டாது. துளசியின் மணத்துக்கு ஆண் பழ ஈ வரும், அதை மரங்களுக்கு நடுவில் வைக்காமல் ஓரத்தில் பொறி தொங்கும் இடத்தில் வைப்பதே சரி.

கடைசியில் தேர்ந்தவை மூன்று. வரிசைகளுக்கு நடுவில் தட்டைப்பயறு: அதில் வரும் கறுப்பு அசுவினி கொய்யாவுக்குப் போகாது, பொறிவண்டுக்கும் கண்ணாடி இறக்கைப் பூச்சிக்கும் மாவுப்பூச்சி இல்லாத நாட்களில் சோறு கிடைக்கும், காம்படியில் சுரக்கும் தேன் குளவிக்கு. கொத்தமல்லி, அரைசென்ட் பாத்திகளாக அங்கங்கே: திறந்த சிறு பூக்கள், எந்தக் குளவிக்கும் எட்டும். ரோட்டோரம் மூன்று சால் சோளம்: புழுதிக்கு மறைப்பு, மாட்டுக்குத் தட்டு. சோளத்தட்டு என்றதும் தோட்டக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை.

செம்பருத்தியை வெட்ட வேண்டும் என்றபோது வீட்டில் எதிர்ப்பு வந்தது, வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பூ அதில்தான். முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டி, துளிர்க்கும்போது கண்காணிப்பது என்று சமாதானமானோம். வேப்ப மரங்களில் காய்ந்த நுனிகளை மட்டும் வெட்டி எரித்தோம். நல்ல பூச்சியும் மாட்டிக்கொள்ளும் என்பதால், முந்தின வருடம் கட்டிவைத்திருந்த மஞ்சள் ஒட்டும் அட்டைகளைக் கழற்றினோம்.

பங்குனி முதல் ஆடி வரை

பங்குனி முதல் வாரம், சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வண்டுகளை விட்டோம். விடுவதற்குப் பத்து நாள் முன்பு, மிக மோசமான கிளைகளில் மட்டும் லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் ரோசின் சோப்புக் கரைசல் அடித்தோம். விட்ட பிறகு அதுவும் அடிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது தோட்டக்காரரின் மனைவி கவலையோடு நின்றிருந்தார். வேலைக்கு வரும் அம்மா, “அக்கா, பூச்சி இன்னும் பெருசாயிருச்சு பாருங்க, புழுவாட்ட ஓடுது” என்று சொல்லிக் கட்டைவிரலால் நசுக்கிக்கொண்டே வந்திருக்கிறார். அவர் நசுக்கியது வண்டின் புழுக்களை. கிரிப்டோலேமஸின் புழு பார்க்க மாவுப்பூச்சி போலவே வெள்ளை மெழுகு போர்த்தியிருக்கும், அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிது, மெழுகு இழைகள் நீளமாகத் தொங்கும். தொட்டால் வித்தியாசம் தெரியும்: மாவுப்பூச்சி அசையாது அல்லது மெல்ல நகரும், புழு விறுவிறுவென்று ஓடும். ஒரு இலையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குச்சியால் தொட்டுக் காட்டினோம். புழு ஒரு மாவுப்பூச்சிப் பொதிக்குள் தலையை விட்டு முட்டைகளை மென்றுகொண்டிருந்ததை அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் புழுவை அடையாளம் காட்டியது அவர்தான். சொல்லப்போனால் வேலைக்கு வருபவர்களிடம் இதை வண்டு விடும் முன்பே காட்டிவிட வேண்டும்.

எறும்புப் பட்டை எவ்வளவு முக்கியம் என்பது எதிர்பாராமல் தெரிந்தது. கிரீஸ் தீர்ந்துபோய், தெற்கே கட்டுத்தறியை ஒட்டிய மூன்று வரிசைகளுக்குப் பட்டை கட்டுவது தள்ளிப்போயிருந்தது. வண்டு அங்கேயும் விட்டிருந்தோம். சித்திரை முதல் வாரக் கணக்கெடுப்பில், பட்டை கட்டிய மரங்களில் மாவுப்பூச்சி இருந்த இடமெல்லாம் புழுவோ தின்று காலியான பொதியோ இருந்தது. அந்த மூன்று வரிசையில் புழுவைத் தேட வேண்டியிருந்தது, மாவுப்பூச்சி அப்படியே இருந்தது. செம்பருத்தியும் அந்தப் பக்கம்தான் என்பதால் எல்லாவற்றையும் எறும்பின் தலையில் போட முடியாது. பட்டை கட்டிய மூன்று வாரத்தில் அங்கேயும் புழு தென்பட ஆரம்பித்தது.

கத்திரி வெயில் தொடங்கியதும் வண்டு குறைந்தது. வறண்ட வெப்பத்தை அது தாங்காது. கொத்தமல்லி அதற்கு முன்பே கருகிவிட்டது. புழுதி படிந்து கிரீஸ் காய்ந்துபோக, அதன் மேல் பாலம் போட்டதுபோல் எறும்பு ஏறியது, வாரம் ஒருமுறை குச்சியால் கிளறிவிட வேண்டியிருந்தது. இந்தக் காலத்தில் தோட்டத்தைக் காப்பாற்றியது தட்டைப்பயறும் வேலியோரமும்தான். கண்ணாடி இறக்கைப் பூச்சி முட்டைகள் தட்டை வரிசையை ஒட்டிய மரங்களில் நிறைய இருந்தன. வைகாசியில் இரண்டு கோடை மழை பெய்ததும் ஐம்பது மரங்களுக்கு இரண்டாம் தடவை வண்டு விட்டோம். மழை தானாகவே மாவுப்பூச்சிக் குஞ்சுகளை அடித்துக்கொண்டு போகும், அதனால் அதற்குப் பிந்தைய குறைவில் வண்டின் பங்கு எவ்வளவு, மழையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

ஆடியில் ஒரு பின்னடைவு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இந்தப் பகுதியில் ஆளையே தள்ளும். மேற்கே முருங்கைக்காரர் தேயிலைக் கொசுவுக்கு மருந்தடித்தது ஆறு வரிசை தாண்டி உள்ளே வந்தது. மறுநாள் அந்த வரிசைகளில் தட்டைப்பயறின் அடியில் பொறிவண்டுகள் செத்துக் கிடந்தன. சண்டைக்குப் போகாமல், தோட்டக்காரர் அவரை அழைத்து வந்து காட்டினார். இருவரும் தூரத்துப் பங்காளிகள் என்பது உதவியது. “எனக்கும் வேற வழி இல்லீங்க மாப்பள” என்ற முருங்கைக்காரர், காற்று அடங்கிய விடியற்காலையில் அடிப்பதற்கும், முந்தின நாள் போன் பண்ணிச் சொல்வதற்கும் ஒத்துக்கொண்டார். சொன்னபடி பெரும்பாலும் செய்தார்.

பழ ஈ

ஆவணியில் காய் பழுக்கத் தொடங்கியதும் பழ ஈ வந்தது. மாவுப்பூச்சியைத் தின்னும் எதுவும் இதைத் தொடாது. மணத்தால் ஈயை இழுக்கும் மெத்தில் யூஜினால் பொறிகளை ஏக்கருக்குப் பத்து வீதம் கட்டியிருந்தோம். ஒவ்வொரு டப்பாவிலும் கைப்பிடி கைப்பிடியாக ஈ. தோட்டக்காரருக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் பழத்தை அரிந்தால் புழு குறையவில்லை. பொறியில் விழுவது ஆண் ஈ மட்டும். ஏற்கெனவே இணை சேர்ந்த பெண் ஈக்கள் முட்டை வைத்துக்கொண்டே இருக்கும், பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வரும். பொறி எத்தனை ஈ இருக்கிறது என்று காட்டும், ஓரளவு குறைக்கும், அவ்வளவுதான்.

மாற்றம் தெரிந்தது கீழே விழுந்த பழத்தைப் பொறுக்க ஆரம்பித்த பிறகு. தினமும் காலையில் பொறுக்கி, கறுப்பு பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் ஒரு வாரம் போட்டு, அப்புறம் குழியில் கொட்டுவது. பழத்திலிருந்து புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும் சங்கிலி அங்கே அறுகிறது. காயைக் கனியும் வரை விடாமல் நிறம் மாறும் பருவத்திலேயே பறித்தார்கள். மண்ணில் உள்ள கூட்டுப்புழுவைக் கிளறித் தின்னட்டும் என்று நாட்டுக்கோழிகளையும் உள்ளே விட்டார்கள். கோழிகள் தம் வேலையைச் செய்தன, கூடவே அப்போதுதான் முளைத்த இரண்டாம் போகத் தட்டைப்பயறையும் முக்கால்வாசி கிளறித் தீர்த்தன.

முடிவில் கிடைத்தது

ஆவணி முதல் கார்த்திகை வரை நடந்த பறிப்பில், கரும்பூசணம் பிடித்த காய் ரோட்டோரத்து இரண்டு வரிசையில் மட்டும் இருந்தது. வியாபாரி தனியாகக் கொட்டியது பெரும்பாலும் தேயிலைக் கொசுச் சொறிக் காய்கள். மொத்த எடை முந்தின வருடத்தைவிடக் கூடிவிடவில்லை, விலை போகும் காய்தான் கூடியது. மாவுப்பூச்சிக்கு ரசாயன மருந்து அந்த வருடம் முழுவதும் அடிக்கவில்லை. மருந்துச் செலவில் மிச்சமானதில் ஒரு நல்ல பங்கு கிரீஸ், பட்டை, பழம் பொறுக்கும் கூலி என்று போய்விட்டது. முதல் வருடத்தில் இது லாபம் தரும் முறை என்று சொல்வதற்கில்லை. பட்டை கட்டுவது பழகிவிட்டால் அடுத்த வருடம் கூலி குறையும் என்பது தோட்டக்காரரின் கணக்கு.

தேயிலைக் கொசுவில் தோற்றோம் என்றுதான் சொல்ல வேண்டும். துளிரும் பிஞ்சும் வரும் நேரத்தில் பாதித்த வரிசைகளில் மட்டும் வேப்பெண்ணெய்க் கரைசலைச் சாயங்காலத்தில் இரண்டு முறை அடித்ததில் ஓரளவு குறைந்தது. வேம்பிலிருந்தும் முருங்கையிலிருந்தும் அது திரும்பத் திரும்ப வந்தது. இரண்டு முசுறு மரங்களில் மட்டும் காய் சுத்தம், ஆனால் மாவுப்பூச்சி அங்கேதான் அதிகம்.

அடுத்த சுற்றில் மாற்றுபவை

எறும்புக்கான சர்க்கரைத் தண்ணீரை மார்கழியிலேயே வைத்துவிடுவது. தையில் புற்றின் பலம் குறைந்திருந்தால் கிரீஸ் வேலை பாதியாகும். கவாத்து முடிந்த அன்றே பட்டை, ஒரு வரிசையும் விடாமல்.

கொத்தமல்லியைக் கோடைக்கு நம்புவதில்லை. புரட்டாசியிலும் தையிலும் மட்டும் விதைப்பது. கோடைக்குத் தட்டைப்பயறை இருபது நாள் இடைவெளியில் மூன்று தவணையாக விதைத்து, எப்போதும் ஏதோ ஒரு வரிசையில் பூ இருக்கும்படி பார்த்துக்கொள்வது. முழு வரிசையையும் ஒரே நாளில் பிடுங்காமல் ஒன்றுவிட்டு ஒன்று பிடுங்குவது. ஒரே நாளில் பிடுங்கினால் அதிலிருக்கும் பொறிவண்டு போக இடமில்லாமல் போய்விடும்.

மேற்கு எல்லையிலும் சோளம் மூன்று சால், வைகாசியிலேயே விதைத்து ஆடிக் காற்றுக்கு முன் ஆள் உயரம் வந்திருக்க வேண்டும். கிழக்கே சோளத்தை அறுத்த பிறகு ரோட்டோரம் மறுபடி வெறுமையாகிறது, அங்கே நிரந்தர மறைப்பாகக் கிளுவைப் போத்து நடுவதாக முடிவாகியிருக்கிறது. வடக்கு வேலியிலிருந்தே வெட்டிக்கொள்ளலாம், செலவில்லை.

முசுறு எறும்பை மேற்கு ஓரத்து நான்கைந்து மரங்களுக்குப் பரப்பிப் பார்க்கலாமா என்ற பேச்சு உண்டு. தேயிலைக் கொசு வரும் திசை அதுதான். அந்த மரங்களில் காய் பறிக்க நீளத் தொரட்டி வாங்கித் தந்தால் பார்க்கலாம் என்று வேலைக்கு வரும் அம்மா சொல்லியிருக்கிறார். தொரட்டி இன்னும் வாங்கவில்லை.